நாடு, எல்லை, அதிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லைச் சண்டை, அங்கீகாரம், பொருளாதாரத் தடை என்று செய்திகள் வரும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் மூன்றைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் சுலபமாக இருக்கும்.

இறையாண்மை என்றால் என்ன?

ஒரு நிலப்பரப்புக்குள் கடைசி முடிவு யாருடையது என்பதுதான் விஷயம். வரி போடுவது, சட்டம் இயற்றுவது, தண்டிப்பது, யாரை உள்ளே விடுவது எல்லாவற்றையும் அங்கிருக்கும் அரசே தீர்மானிக்கிறது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இது உள்பக்கம். வெளிப்பக்கம் ஒன்று உண்டு: மற்ற நாடுகள் அந்த அரசைத் தங்களில் ஒன்றாக ஏற்று, ஒப்பந்தம் போட்டு, தூதரை அனுப்பி, அதன் உள்விவகாரத்தில் தலையிடாமல் இருப்பது.

இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. உள்ளே முழுக் கட்டுப்பாடு இருந்தும் வெளியே கண்டுகொள்ளப்படாத அரசுகள் இருக்கின்றன. கையில் ஒரு பிடி மண்கூட இல்லாமல் வெளியே நாடாக மதிக்கப்பட்டவையும் இருந்திருக்கின்றன. இந்தத் துறையில் வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால் வருபவை என்பது என் கருத்து.

இதெல்லாம் 1648-ல் வெஸ்ட்பாலியாவில் தொடங்கியது என்கிறார்களே?

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்கின்றன. முப்பதாண்டுப் போரை முடித்துவைத்த மூன்ஸ்டர், ஓஸ்னாபுரூக் உடன்படிக்கைகளை எடுத்துப் பார்த்தால், ‘இனி எல்லா நாடுகளும் சமம், யாரும் யார் விஷயத்திலும் தலையிடக்கூடாது’ என்று எந்த வரியும் இல்லை. பெரும்பகுதி புனித ரோமானியப் பேரரசுக்குள் யாருக்கு எந்த நிலம், எந்த மதத்துக்கு என்ன உரிமை என்ற பங்கீடுதான். இறையாண்மை என்ற கருத்தைப் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ஜான் போதான் 1576-லேயே விரிவாக எழுதிவிட்டார். இன்று நாம் பழகியிருக்கும் வடிவம், அதாவது உலகம் முழுவதும் சமமான நாடுகள், பலவந்தமாக நிலம் பிடிக்கத் தடை என்பதெல்லாம், 1945-ல் வந்த ஐ.நா. சாசனத்துக்குப் பிறகும் காலனிகள் விடுதலை பெற்ற பிறகும் உருவானது. பழசு என்று நாம் நினைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மனித ஆயுள் அளவுதான் வயது.

ஒரு நாடு ‘நாடு’ ஆக என்னென்ன வேண்டும்?

1933-ல் அமெரிக்கக் கண்ட நாடுகள் கையெழுத்திட்ட மாண்டிவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், மற்ற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். மற்றவர்களின் அங்கீகாரம் இந்தப் பட்டியலில் இல்லை. அங்கீகாரத்துக்கு முன்பே அரசு இருந்துகொண்டிருக்கிறது என்று அந்த உடன்படிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது.

நடப்பு வேறு. சோமாலியாவையும் சோமாலிலாந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991-ல் சோமாலியாவின் மத்திய அரசு சிதறியது. அதன் பிறகு பல ஆண்டுகள் தலைநகரைக்கூட முழுதாக ஆள ஆள் இல்லை. ஆனாலும் ஐ.நா.வில் சோமாலியாவின் இருக்கை அப்படியே இருந்தது. அதே 1991-ல் வடக்கே சோமாலிலாந்து தனியாகப் பிரிந்து, சொந்த நாணயம், சொந்தக் காவல்துறை, தேர்தல் என்று நடத்திக்கொண்டிருக்கிறது. ஐ.நா.வில் அதற்கு இடமில்லை. நான்கு தகுதிகளை வைத்து மதிப்பெண் போட்டால் யார் தேறியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான கதை பால்டிக் நாடுகளுடையது. எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றையும் 1940-ல் சோவியத் ஒன்றியம் விழுங்கியது. அமெரிக்கா அந்த இணைப்பை ஏற்கவே இல்லை. நாடே கையில் இல்லாத நிலையிலும் அந்த மூன்று நாடுகளின் தூதர்களும் வாஷிங்டனில் தூதர்களாகவே மதிக்கப்பட்டார்கள். அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. 1991-ல் அவை மீண்டு வந்தபோது, ‘நாங்கள் புதிதாகப் பிறக்கவில்லை, ஆக்கிரமிப்பு முடிந்தது, அவ்வளவுதான்’ என்று சொல்ல முடிந்தது. வெறும் காகித அங்கீகாரத்துக்கு அவ்வளவு பலன் இருந்தது.

அங்கீகாரத்தை யார் தருவது? ஐ.நா.வா?

ஐ.நா. நாடுகளை அங்கீகரிப்பதில்லை, உறுப்பினராகச் சேர்க்கிறது. அங்கீகாரம் என்பது ஒவ்வொரு நாடும் தனித்தனியாக எடுக்கும் அரசியல் முடிவு. ஆனால் ஐ.நா. உறுப்பினராகிவிட்டால் பெரும்பாலும் பேச்சு முடிந்துவிடும் என்பதால் எல்லோரும் அந்தக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பாதுகாப்பு கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும், பிறகு பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். முதல் படியிலேயே வீட்டோ, அதாவது ஒற்றை வாக்கால் தடுக்கும் அதிகாரம், வைத்திருக்கும் ஐந்து நாடுகளில் (அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ்) ஒன்று மறித்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். 2024 ஏப்ரலில் பாலஸ்தீனத்தைச் சேர்க்கும் தீர்மானத்துக்குக் கவுன்சிலின் 15 உறுப்பினர்களில் 12 பேர் ஆதரவளித்தார்கள். அமெரிக்காவின் ஒரு வாக்கு அதை நிறுத்திவிட்டது. தற்போது உறுப்பினர்கள் 193. கடைசியாகச் சேர்ந்தது தெற்கு சூடான், 2011-ல்.

அங்கீகாரம் சரக்காகவும் விற்பனைக்கு வரும். பசிபிக்கில் இருக்கும் குட்டி நாடு நவுரு, முதலில் தைவானை அங்கீகரித்தது. 2002-ல் சீனாவின் பக்கம் போனது. 2005-ல் தைவானுக்குத் திரும்பியது. 2024 ஜனவரியில் மறுபடி சீனாவுக்கு மாறியது. இதைக் கேலியாகப் பார்க்கத் தோன்றும். விற்க வேறு எதுவும் பெரிதாக இல்லாத ஒரு நாட்டுக்கு, தன் அங்கீகாரமும் பொதுச்சபையில் தன் ஒரு வாக்கும்தான் கையிருப்பு. பெரிய நாடுகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. செர்பியாவிலிருந்து பிரிந்த கொசோவோவைச் சுமார் நூறு நாடுகள் ஏற்கின்றன, ஸ்பெயின் ஏற்பதில்லை. தனிநாடு கேட்பவர்கள் இருக்கும் கட்டலோனியாவைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு ஸ்பெயின் எப்படி ஏற்கும்?

யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தில் நானே ஒரு நாடு அறிவிக்கலாமா?

அறிவிக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

எகிப்துக்கும் சூடானுக்கும் இடையே பீர் தவீல் என்று சுமார் 2,060 சதுர கிலோமீட்டர் பாலை நிலம் இருக்கிறது. இரண்டு நாடுகளும் அது தனக்கு வேண்டாம் என்கின்றன. காரணம் 1899-ல் ஒரு கோடும் 1902-ல் இன்னொரு கோடும் போட்ட பிரிட்டிஷ் நிர்வாகம். ஒரு கோட்டின்படி கடற்கரையோரம் இருக்கும் ஹலாயிப் பகுதி எகிப்துக்கு, பீர் தவீல் சூடானுக்கு. மற்றக் கோட்டின்படி அப்படியே தலைகீழ். ஹலாயிப் இரண்டு பேருக்கும் வேண்டும். பீர் தவீலுக்கு உரிமை கோரினால் ஹலாயிப் மீதான வழக்கு கெட்டுவிடும். அதனால் யாரும் தொடுவதில்லை. வெளியாட்கள் சிலர் அங்கே போய்க் கொடி நட்டுத் தங்களை மன்னர் என்று அறிவித்துக்கொண்டதும் உண்டு.

எல்லைகளை யார் வரைந்தார்கள்?

சில இடங்களில் போர்கள், சில இடங்களில் ஆறும் மலையும், பல இடங்களில் தூர தேசத்து மேசையில் உட்கார்ந்த அதிகாரிகள். இந்தியப் பிரிவினைக் கோட்டை வரைந்த சிரில் ராட்கிளிஃப், அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஏறக்குறைய ஐந்து வாரத்தில் வேலையை முடித்தார். 1947 ஆகஸ்ட் 17-ல், சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்துத்தான், மக்கள் தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள்.

ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு திருத்தம். 1884–85 பெர்லின் மாநாட்டில் வரைபடத்தை விரித்து வைத்துக் கண்டத்தை வெட்டிப் பங்கிட்டார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அங்கே ஆப்பிரிக்கர் ஒருவர்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் மாநாடு முக்கியமாகச் செய்தது, கடற்கரையைப் பிடிப்பதற்கான விதிமுறைகளையும் ஆற்று வணிகத்தையும் பேசி முடித்ததுதான். கோடுகளில் பெரும்பாலானவை அதன் பிறகு ஐரோப்பிய நாடுகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து போட்ட ஒப்பந்தங்களில் வந்தவை. இதனால் அநியாயம் குறைந்துவிடவில்லை. அது ஒரே நாளில் நடக்கவில்லை, இருபது முப்பது ஆண்டு நிதானமாக நடந்தது.

அந்தக் கோடுகள் அநியாயம் என்றால், விடுதலைக்குப் பிறகு ஏன் மாற்றி வரையவில்லை?

எனக்கு இந்தப் பக்கத்திலேயே மிகவும் பிடித்த கேள்வி இது. மாற்றுவதை எதிர்த்தவர்கள், அந்தக் கோடுகளால் பாதிக்கப்பட்ட நாடுகளின் தலைவர்களே. 1964-ல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலை பெற்ற நாளில் இருந்த எல்லைகளை மதிப்போம் என்று தீர்மானம் போட்டது. மொராக்கோவும் சோமாலியாவும் மட்டும் உடன்படவில்லை. இரண்டுக்கும் பக்கத்து நிலத்தில் கண் இருந்தது. மற்றவர்களின் கணக்கு எளிமையானது. ஒரு கோட்டை நியாயப்படி திருத்தலாம் என்று ஒப்புக்கொண்டால், கண்டத்தில் எந்தக் கோடும் பாதுகாப்பாக இருக்காது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த தென் அமெரிக்க நாடுகளும் இதே வழியில்தான் போயின: பழைய நிர்வாக எல்லையே புதிய நாட்டு எல்லை. 1986-ல் புர்கினா ஃபாசோவுக்கும் மாலிக்கும் இடையிலான வழக்கில் சர்வதேச நீதிமன்றம் இதைப் பொதுவான கோட்பாடாகவே உறுதிப்படுத்தியது. யூகோஸ்லாவியா உடைந்தபோதும், குடியரசுகளுக்கு இடையிலிருந்த உள் எல்லைகளே நாட்டு எல்லைகளாக ஏற்கப்பட்டன.

இதில் ஒரு பயங்கரமான பக்கமும் இருக்கிறது. எல்லை பத்திரமாகிவிட்டால் அரசுகளுக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்து குறைகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட சிறுபான்மைக்கு அதே எல்லை பூட்டிய கதவு. இந்த விதி அரசுகளைக் காப்பாற்றிய அளவுக்கு மக்களைக் காப்பாற்றியதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன்.

அப்படியானால் எல்லை மாறுவதே இல்லையா?

சம்மதத்தோடு மாறுகிறது. 2015-ல் இந்தியாவும் வங்கதேசமும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கிக்கிடந்த 162 நிலத்துண்டுகளை மாற்றிக்கொண்டன. சுமார் 50,000 பேர் தங்கள் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் ஒரு வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடி ஓர் இந்தியத் துண்டு என்றெல்லாம் அங்கே இருந்தது. 2022-ல் கனடாவும் டென்மார்க்கும் ஹான்ஸ் தீவு என்ற வெறும் பாறையைப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரான்சும் ஸ்பெயினும் ஃபெசன்ட் தீவைப் பிரிக்கக்கூட இல்லை. ஆறு மாதம் உனக்கு, ஆறு மாதம் எனக்கு என்று முறை வைத்திருக்கின்றன.

கடலில் எல்லை எப்படி?

1982 கடல் சட்ட உடன்படிக்கையின்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் பகுதி. 200 கடல் மைல் வரை மீன், எண்ணெய் போன்ற வளங்கள் மீது மட்டும் உரிமை; அங்கே மற்றவர்களின் கப்பல் போவதைத் தடுக்க முடியாது. மனிதர் வாழ முடியாத பாறைக்கு 12 மைல் கிடைக்கும், 200 கிடைக்காது. ஒரு சின்னப் பாறைக்காக நாடுகள் ஏன் இப்படி அடித்துக்கொள்கின்றன என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது: பாறையா தீவா என்ற ஒரு தீர்ப்பில் பிரமாண்டமான கடற்பரப்பு கைமாறுகிறது. ஜப்பான் ஓகினோதோரி என்ற இடத்தில் அலையில் கரைந்துகொண்டிருக்கும் பாறைகளைச் சுற்றிக் கான்கிரீட் கட்டி வைத்திருக்கிறது. 2016-ல் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் நடுவர் மன்றம், தென் சீனக் கடலில் சீனா கோரும் வரலாற்று உரிமைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்றது. சீனா அதை ஏற்கவில்லை. ஒரு வேடிக்கை: இந்த உடன்படிக்கையைக் காட்டிச் சீனாவைக் கண்டிக்கும் அமெரிக்கா, தான் அதில் இன்னும் சேரவில்லை.

தூதரகம் அந்நிய மண்ணா?

இல்லை. அது இருக்கும் நாட்டின் மண்தான். 1961 வியன்னா உடன்படிக்கைப்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழையக்கூடாது, அவ்வளவுதான்.

ஒரு நாட்டில் இன்னொரு நாட்டின் ராணுவத் தளம் இருந்தால் இறையாண்மை போய்விட்டதா?

யார் கூப்பிட்டார்கள், யார் போகச் சொல்ல முடியும் என்று பார்க்க வேண்டும். ஜிபூட்டியில் அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், இத்தாலி, சீனா ஐவருக்கும் தளம் இருக்கிறது. வாடகை வாங்கிக்கொண்டு ஐந்து பேரையும் ஒரே ஊரில் குடிவைத்த ஜிபூட்டியை ஏமாளி என்று சொல்ல முடியாது.

குவாண்டனாமோ வேறு ரகம். கியூபாவில் இருக்கும் அந்த விரிகுடாவை 1903-ல் அமெரிக்கா குத்தகைக்கு எடுத்தது. ஒப்பந்தத்தின்படி இறுதி இறையாண்மை கியூபாவுக்கு, முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு. 1934 ஒப்பந்தத்தின்படி இருவரும் சம்மதித்தால், அல்லது அமெரிக்காவே விட்டுப் போனால்தான் குத்தகை முடியும். ஆண்டுக்கு நாலாயிரம் டாலர் சொச்சத்துக்கு அமெரிக்கா காசோலை அனுப்புகிறது. காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தபின் 1959-ல் ஒரு காசோலையைத் தவிர வேறு எதையும் கியூபா பணமாக்கவில்லை. முதல் பதிலில் சொன்ன உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பிரித்துக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

எல்லா நாடும் சமம் என்றால் ஐந்து பேருக்கு மட்டும் வீட்டோ ஏன்?

1945-ல் அந்தச் சலுகை இல்லாமல் பெரிய வெற்றியாளர்கள் உள்ளே வந்திருக்க மாட்டார்கள் என்பதால். சாசனத்தின் 2-வது பிரிவு சமத்துவத்தை அறிவிக்கிறது, 27-வது பிரிவு அதில் ஓட்டை போடுகிறது. சீர்திருத்தப் பேச்சு பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. சாசனத்தைத் திருத்தவும் அந்த ஐந்து பேரின் ஒப்புதல் வேண்டும். சரி, அடுத்த கேள்வி.

தடி எடுத்தவன் தண்டல்காரன் என்றால் சர்வதேசச் சட்டம் எதற்கு?

நிகரகுவா வழக்கில் தொடங்குவோம். கிளர்ச்சிப் படைகளுக்கு ஆயுதம் கொடுத்ததும் துறைமுகங்களில் கண்ணிவெடி வைத்ததும் சட்டமீறல் என்று 1986-ல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்கா வழக்கின் நடுவிலேயே வெளியேறியிருந்தது. தீர்ப்பை மதிக்கச் சொல்லும் தீர்மானத்தைப் பாதுகாப்பு கவுன்சிலில் வீட்டோ செய்தது. இழப்பீடாக ஒரு காசும் வரவில்லை. இதோடு நிறுத்தினால் கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான்.

ஆனால் இன்னொரு பட்டியலும் இருக்கிறது. 1936-ல் எத்தியோப்பியா, 1938-ல் ஆஸ்திரியா, 1940-ல் பால்டிக் நாடுகள் என்று முழு நாடுகள் வரைபடத்திலிருந்து காணாமல் போயின. 1945-க்குப் பிறகு ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றைப் பக்கத்து நாடு முழுதாக விழுங்கிச் செரித்துக்கொண்டதில்லை. முயன்ற ஈராக், குவைத்தை 1990 ஆகஸ்டில் தன் மாகாணம் என்றது; ஏழே மாதத்துக்குள் துரத்தப்பட்டது. குவைத்தில் எண்ணெய் இல்லாவிட்டால் அவ்வளவு வேகமாகப் படை வந்திருக்குமா என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. இருந்தாலும், வந்த படைக்குக் கவுன்சிலின் அனுமதியும் பல நாடுகளின் ஆதரவும் கிடைத்ததற்கு அந்த விதிதான் காரணம்.

உக்ரைன் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1994-ல் புடாபெஸ்ட்டில், தன் மண்ணிலிருந்த சோவியத் அணு ஆயுதங்களை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக, எல்லையை மதிப்போம் என்ற உறுதிமொழியை ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூவரிடமிருந்தும் வாங்கியது. 2014-ல் கிரீமியா போனது, 2022-ல் முழுப் போர் வந்தது. 2022 அக்டோபரில் ரஷ்யாவின் நில இணைப்பைச் செல்லாது என்று பொதுச்சபையில் 143 நாடுகள் வாக்களித்தன. அந்த வாக்குகளால் ஒரு டாங்கியும் திரும்பிப் போகவில்லை. அதே சமயம் கிரீமியாவில் கடன் கொடுக்க, கப்பல் நிறுத்த, காப்பீடு எடுக்க உலகின் பெரும்பகுதி நிறுவனங்கள் தயங்குகின்றன. சட்டம் பலசாலியைத் தடுப்பதைவிட, அவன் எடுத்ததை நிம்மதியாக அனுபவிக்க விடாமல் செய்வதில்தான் கெட்டி. பாதிக்கப்பட்டவருக்கு இது போதுமா என்றால், போதாது.

சொந்த மக்களையே ஓர் அரசு கொன்றால், வெளியார் தலையிடலாமா?

1994-ல் ருவாண்டா இனப்படுகொலையை உலகம் கைகட்டிப் பார்த்தது. 1999-ல் கொசோவோவுக்காக நேட்டோ, கவுன்சிலின் அனுமதி இல்லாமலே குண்டு போட்டது. இந்த இரண்டு அனுபவத்திலிருந்தும் பிறந்ததுதான் 2005 உலக உச்சி மாநாட்டில் ஏற்கப்பட்ட ‘காக்கும் பொறுப்பு’: மக்களைக் காப்பது அந்தந்த அரசின் கடமை, அது தவறினால் கவுன்சில் வழியாக மற்றவர்கள் செயல்படலாம். 2011-ல் லிபியாவில் பொதுமக்களைக் காக்க என்று அனுமதி வாங்கினார்கள், அது கடாபி ஆட்சியின் வீழ்ச்சியில் போய் முடிந்தது. ரஷ்யாவும் சீனாவும் அந்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கி வழிவிட்டிருந்தன. அதே ஆண்டு சிரியா விஷயம் வந்தபோது வீட்டோவை எடுத்தன. லிபியாவில் அனுமதியை நீட்டி முழக்கியதற்குச் சிரியர்கள் விலை கொடுத்தார்கள் என்று சொன்னால் மிகை இல்லை. அந்த வீட்டோவுக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும்.

பணத்தால் இறையாண்மையைப் பறிக்க முடியுமா?

முடக்க முடியும். 2015 ஜூலை 5-ல், கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று கிரீஸ் தன் மக்களிடம் கேட்டது. 61 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து, வங்கிகள் மூடிக்கிடந்த நிலையில், அரசாங்கம் கடுமையான நிபந்தனைகளுக்குச் சம்மதித்தது. யாரும் படை அனுப்பவில்லை. யூரோவைப் பயன்படுத்தும் கிரீஸுக்குச் சொந்த நாணயம் இல்லாதது போதுமானதாக இருந்தது.

2022-ல் ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பில் சுமார் 300 பில்லியன் டாலர் முடக்கப்பட்டபோது, வேறு பல நாடுகளின் மத்திய வங்கிகளும் தங்கள் பணம் யார் வீட்டில் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கின.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடுகள் இறையாண்மையை இழந்துவிட்டனவா?

கடனாகக் கொடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டன் 2016-ல் வாக்கெடுத்து, 2020 ஜனவரி 31-ல் வெளியே வந்தது. வெளியே போகும் வழி திறந்திருந்தது. போவதற்கான செலவுதான் கூட.

நிலமே கடலுக்குள் போய்விட்டால் நாடு இருக்குமா?

துவாலுவுக்கு இது பாடப்புத்தகக் கேள்வி இல்லை. ஒன்பது தாழ்வான பவளத் தீவுகள், சுமார் 11,000 மக்கள். 2023-ல் ஆஸ்திரேலியாவோடு போட்ட ஒப்பந்தம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. கடல் மட்டம் உயர்ந்தாலும் துவாலு நாடாகத் தொடரும், அதன் இறையாண்மை நீடிக்கும் என்று ஆஸ்திரேலியா அதில் ஒப்புக்கொள்கிறது. ஆண்டுக்கு 280 பேர் வரை ஆஸ்திரேலியாவில் போய் வாழலாம். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் காலநிலை குறித்த ஆலோசனைக் கருத்தில், ஒரு நாடு உருவான பிறகு அதன் கூறுகளில் ஒன்று மறைவதால் மட்டுமே அது நாடு என்ற தகுதியை இழந்துவிட வேண்டியதில்லை என்றது. மாண்டிவிடியோ பட்டியலில் நிலப்பரப்பு இருந்ததை நினைத்துப் பார்த்தால் இது பெரிய நகர்வு.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. பாதுகாப்பு விஷயங்களில் துவாலு வேறு எந்த நாட்டோடு கைகோக்க வேண்டுமானாலும், முதலில் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும்.